முப்பதாயிரம் கார்களும் ஒரு மின்கட்டண ரசீதும்

(மதுரையில் வணிகவியல் மாணவர்களும் சிறு முதலீட்டாளர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்சாரக் கார் செய்யும் நிறுவனங்களைப் பற்றி வரும் செய்திகள் முதலீட்டாளரை எப்படிப் பாதிக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான், பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று இங்கே சொல்லப்போவதும் இல்லை. அதை எதிர்பார்த்து யாராவது வந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் காபி உண்டு, அதையாவது குடித்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பேச்சு மதுரையில் ஏன் தேவைப்படுகிறது? இரண்டு காரணம். கப்பலூரைத் தாண்டித் தெற்கே போகும் நாற்கரச் சாலையில் மூன்று மணி நேரத்துக்குள் தூத்துக்குடி. அங்கே சிப்காட் வளாகத்தில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. மின்சாரக் கார் என்பது இனி நமக்கு வெளியூர்ச் சங்கதி இல்லை. இன்னொரு காரணம், டிமேட் கணக்கு. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் 4 கோடியைச் சுற்றி இருந்த கணக்குகள், 2025 நடுவில் 20 கோடியை நெருங்கிவிட்டன. ஒரு காலத்தில் போஸ்ட் ஆபீஸ் சேமிப்பும் நகைச்சீட்டும் தவிர வேறு அறியாத வீடுகளில் இன்று பையனின் போனில் பங்குச்சந்தை ஓடுகிறது. காலை எழுந்ததும் செய்தி பார்க்கிறான், ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்ததும் வாங்குகிறான். செய்திக்கும் வாங்குவதற்கும் நடுவே பல் துலக்கும் நேரம்தான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு நிறுவனத்தைப் பற்றி எந்தத் தாள் கைக்கு வந்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்கு முன், அதை யார் எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பாருங்கள். ஆதாயம் இல்லாதவர் எழுதிய தாள்கள் பெரும்பாலும் சுவையற்றவை, தலைப்புச் செய்தியாவதில்லை. ஆனால் பணத்தைக் காப்பாற்றுவது அவைதான்.

செய்தியை நம்பி வாழும் பங்குகள்

எல்லாப் பங்குகளுக்கும் செய்தி உண்டு. மின்சாரக் கார்ப் பங்குகளுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆட்டம்?

சிமெண்ட் கம்பெனி நேற்று எத்தனை மூட்டை விற்றது, இன்று எத்தனை விற்கிறது என்று கணக்குப் பார்த்து விலை போடலாம். புதிதாக மின்சாரக் கார் செய்ய வரும் நிறுவனத்துக்கு நேற்று என்பதே கிடையாது. இன்றைக்குப் பெரும்பாலும் நஷ்டம். பங்கின் விலை முழுக்க ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து வரப்போகும் லாபத்தின் மேல் நிற்கிறது. அந்த லாபத்தை யாரும் பார்த்ததில்லை. அதைப் பற்றிய பேச்சைத்தான் பார்க்கிறோம். எனவே பேச்சு கொஞ்சம் ஏறினால் விலை நிறைய ஏறும். கொஞ்சம் இறங்கினால் நிறைய இறங்கும்.

போதாததற்கு, நிறுவனத்தின் கையில் இல்லாத செய்திகளும் அதை ஆட்டிவைக்கும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, மோட்டார் செய்ய அந்தக் காந்தத்தை நம்பியிருந்த நம் நிறுவனங்கள் தவித்தன. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சாரக் காருக்கு முன்பும் 5 விழுக்காடு, பின்பும் 5 விழுக்காடு. மின்சாரக் கார் நிறுவனம் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் ஷோரூமில் அதன் விலைச் சாதகம் ஒரே நாளில் சுருங்கியது. 'பெட்ரோல் கார் விலை குறைந்தது' என்ற செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதை மின்சாரக் கார்ப் பங்கின் செய்தியாகப் படித்திருப்பார்கள்?

சக்கனில் ஒரு ஆலை

இனி ஒரு வழக்கை நிதானமாகப் பார்ப்போம். நம் நாட்டில் இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜென்சோல் இன்ஜினியரிங். அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அடிப்படையில் சோலார் மின்நிலையங்கள் அமைக்கும் தொழில். அன்மோல் சிங் ஜக்கி, புனித் சிங் ஜக்கி என்ற சகோதரர்கள் அதன் நிறுவனர்கள். டெல்லியிலும் பெங்களூருவிலும் ஓடிய புளூஸ்மார்ட் மின்சார டாக்ஸியும் அவர்களுடையதே. ஜென்சோல் கடன் வாங்கிக் கார் வாங்கியது, புளூஸ்மார்ட்டுக்கு வாடகைக்கு விட்டது. அதோடு நில்லாமல், சொந்தமாக ஒரு சிறிய மின்சாரக் காரும் செய்யப்போவதாக அறிவித்தது. புனேக்குப் பக்கத்தில் சக்கனில் ஆலை.

2025 ஜனவரியில் டெல்லியில் பாரத் மொபிலிட்டி கண்காட்சி. அதில் அந்தக் கார் வைக்கப்பட்டது. ஜனவரி 28 அன்று நிறுவனம் பங்குச்சந்தைகளுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: எங்கள் காருக்கு 30,000 முன்பதிவுகள் வந்திருக்கின்றன. செய்தி பரவியது. இது வாட்ஸ்அப் வதந்தி இல்லை, யூடியூப்காரர் சொன்னதும் இல்லை. நிறுவனமே பங்குச்சந்தைக்கு முறையாகக் கொடுத்த தகவல். 'எக்ஸ்சேஞ்ச் ஃபைலிங்கிலேயே இருக்கு சார்' என்று சொன்னால் அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்?

ஏப்ரல் 15 அன்று செபி தன் இடைக்கால உத்தரவை வெளியிட்டது. அந்த 30,000 என்ன என்று செபி பார்த்தபோது கிடைத்தவை, 9 நிறுவனங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். மொத்தம் 29,000 கார்கள். விலை எழுதவில்லை. எப்போது கொடுப்பது என்றும் எழுதவில்லை. வாங்க விருப்பம் இருக்கிறது என்ற அளவில் நின்ற தாள்கள் அவை.

அதற்கு ஆறு நாள் முன்பு, ஏப்ரல் 9 அன்று, தேசியப் பங்குச்சந்தையின் அதிகாரி ஒருவர் சக்கன் ஆலைக்கு நேரில் போனார். உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. இரண்டு மூன்று தொழிலாளர்கள் இருந்தார்கள். அதிகாரி மின்கட்டண ரசீதுகளைக் கேட்டார். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சக் கட்டணம், 2024 டிசம்பர் மாதத்துக்கு வந்தது: 1,57,037 ரூபாய். முப்பதாயிரம் கார் செய்யக் கிளம்பிய ஆலையின் கரண்ட் பில் அது. உத்தரவைப் படித்தபோது எனக்குப் பிடித்த வரி இதுதான். இத்தனை பெரிய பேச்சை ஒரு மின்கட்டண ரசீது பொய்யாக்கிவிட்டது. மின்வாரியத்துக்கு ஜென்சோல் பங்கு ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? மீட்டரில் ஓடியதை எழுதிக் கொடுத்தது.

கடன் கதை இன்னும் பெரிது. அரசு நிறுவனங்களான இரேடாவும் பிஎஃப்சியும் கொடுத்த கடன் 977.75 கோடி ரூபாய். அதில் 663.89 கோடி, 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கு. வாங்கியது 4,704 கார்கள், 567.73 கோடிக்கு. நிறுவனம் தன் பங்காகப் போட வேண்டிய தொகையையும் சேர்த்துப் பார்த்தால், 262 கோடி ரூபாய்க்குக் கணக்கு இல்லை என்றது செபி. ஒரு பகுதி சுற்றிவளைத்துப் போய், குர்கானில் சொகுசு அடுக்குமாடி வீடு வாங்கவும் பயன்பட்டிருக்கிறது என்பது உத்தரவில் உள்ள முதற்கட்டக் கண்டுபிடிப்பு.

2024 நடுவில் 1,100 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு, உத்தரவு வந்த நாளில் 130 ரூபாய்ப் பக்கம் கிடந்தது. நிறுவனர்களின் பங்கு சில ஆண்டுகளில் 70 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடு அளவுக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் பொதுமக்களாகிய பங்குதாரர்களின் எண்ணிக்கை சில நூறிலிருந்து ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதாவது, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோது, வெளியே இருந்த நாம் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். நம்மை உள்ளே அழைத்துப் போனது செய்தி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். செபி உத்தரவு வருவதற்கு ஆறு வாரம் முன்பே, மார்ச் 3, 4 தேதிகளில், கேர், இக்ரா என்ற இரண்டு தரமதிப்பீட்டு நிறுவனங்கள் ஜென்சோலின் கடன்களை 'டி' தரத்துக்கு இறக்கிவிட்டன. கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்று பொருள். கடனை ஒழுங்காகக் கட்டியதாகக் காட்டிய ஆவணங்கள் போலியாகத் தெரிகின்றன என்று இக்ரா எழுதியே வைத்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அதற்குப் பிறகும் மார்ச் நடுவில் நிறுவனம் ஒரு 'நல்ல செய்தி' சொன்னது: ஒரு பங்கைப் பத்தாகப் பிரிக்கப் போகிறோம். நூறு ரூபாய் நோட்டைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றினால் யாரும் பணக்காரர் ஆவதில்லை. ஆனால் விலை குறைவாகத் தெரிந்தால் சிறு முதலீட்டாளர் கூட்டமாக வருவார். அந்தப் பிரிப்பை நிறுத்திவைக்கச் செபி உத்தரவிட்டது அதனால்தான்.

மார்ச்சில் விற்க நினைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நாள்தோறும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி எல்லை. விற்பவர் வரிசை நீளமாக நிற்கும், வாங்குபவர் பக்கம் சுழியம். திரையில் விலை தெரியும், அந்த விலைக்கு விற்க முடியாது. கெட்ட செய்தி வந்தபின் வெளியேறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வாசல் இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் எல்லோரும் அந்த வாசலில் நிற்பார்கள்.

விருதுநகர் வியாபாரிக்குத் தெரிந்தது

நம் பக்கத்து ஊர் விருதுநகரில் வத்தல், மல்லி, உளுந்து வியாபாரம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அங்கே கமிஷன் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், 'அண்ணாச்சி, நூறு மூட்டை வேணும்' என்று போனில் சொன்னால், 'சரி தம்பி' என்பார். ஏட்டில் ஏற்ற மாட்டார். விலை பேசி முடித்தால் ஒரு மரியாதை. முன்பணம் வந்தால் மூட்டையைத் தனியாக எடுத்து வைப்பார். லாரியில் ஏறினால் பாதி நிம்மதி. முழுப் பணம் கைக்கு வந்த பிறகுதான் அது வியாபாரம். வெறும் விசாரிப்பை வியாபாரம் என்று அவர் தன் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்.

கார் நிறுவனத்தின் அறிவிப்பையும் இந்த ஐந்து படிகளில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். விருப்பம், விலை, முன்பணம், அனுப்பீடு, வசூல். ஜென்சோலின் முப்பதாயிரமும் முதல் படியையே தாண்டவில்லை.

இது சின்ன நிறுவனங்களின் பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 2021 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் டெஸ்லாவிடமிருந்து ஒரு லட்சம் கார் வாங்கப்போவதாக அறிவித்தது. டெஸ்லாவின் சந்தை மதிப்பு அன்றே ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஒரு வாரம் கழித்து டெஸ்லா முதலாளி எலான் மஸ்க்கே, இன்னும் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்று எழுதினார். 2024 ஜனவரியில் அதே ஹெர்ட்ஸ், தன்னிடமிருந்த மின்சாரக் கார்களில் 20,000 கார்களை விற்றுவிடப்போவதாக அறிவித்தது. முதல் செய்தி உலகமெங்கும் முதல் பக்கம். கடைசிச் செய்தியை எத்தனை பேர் படித்தார்கள்?

முதலாளியின் கைப்பேசி

இந்தத் தொழிலுக்கு இன்னொரு விசேஷம், முதலாளியே செய்தியாளர். மஸ்க் 2018 ஆகஸ்ட் 7 அன்று, டெஸ்லா பங்குகளை 420 டாலருக்கு வாங்கி நிறுவனத்தைத் தனியார் கையில் வைத்துக்கொள்ள யோசிக்கிறேன், அதற்குப் பணம் உறுதியாகிவிட்டது என்று ட்விட்டரில் எழுதினார். பங்கு எகிறியது. அப்படி உறுதியான பணம் இல்லை என்று அமெரிக்கச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. மஸ்க் 2 கோடி டாலர், டெஸ்லா 2 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். மஸ்க் தலைவர் பதவியை விட்டு இறங்க வேண்டியிருந்தது.

நம் மாநிலத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக். 2022 ஆகஸ்ட் 15 அன்று அதன் தலைவர் பாவிஷ் அகர்வால், 2024இல் மின்சாரக் கார் வரும், ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவித்தார். தலைப்புச் செய்தி. 2024இல் பங்கு வெளியீட்டுக்கு வந்தபோது காரை ஓரங்கட்டிவிட்டு, இருசக்கர வண்டியில் கவனம் செலுத்துவதாகச் சொன்னார்கள். 76 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு ஆகஸ்ட் 9 அன்று அதே விலையில் பட்டியலாகி, பதினொரு நாளில் 157 ரூபாயைத் தொட்டது. 2025 மார்ச்சில் 60 ரூபாய்க்குக் கீழே.

நடுவில் நடந்த ஒரு சம்பவம், இன்றைய தலைப்புக்கு நேரடியானது. 2024 டிசம்பர் 2 காலை 9.58க்கு, கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக உயர்த்தப்போவதாக அகர்வால் எக்ஸ் தளத்தில் எழுதினார். பங்குச்சந்தைகளுக்கு அந்தத் தகவல் போனது பிற்பகல் 1.36க்கும் 1.41க்கும். சந்தை திறந்திருந்த மூன்றரை மணி நேரத்துக்கு மேல், அவரைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு தகவல், மற்றவர்களுக்கு அது இல்லை. 2025 ஜனவரியில் செபி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மதுரையில் டிவி பார்த்துப் பங்கு வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எக்ஸ் தளத்தில் கணக்கே வைத்திருக்க மாட்டார். விதி இருப்பது அவருக்காகத்தான்.

2025 பிப்ரவரியில் 25,000 வண்டிகளுக்கு மேல் விற்றதாக ஓலா அறிவித்தது. அரசின் வாகன் தளத்தில் அந்த மாதம் அதன் பெயரில் பதிவானவை 9,000கூட இல்லை. பதிவு செய்து தரும் ஏஜென்சிகளோடு பேச்சுவார்த்தை நடந்ததால் தாமதம் என்றது நிறுவனம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். வாகன் தளத்தை யாரும் பார்க்கலாம், காசில்லை. ஆர்டிஓ ஆபீசுக்கு எந்தப் பங்கிலும் விருப்பு வெறுப்பு கிடையாது.

ஆலை வேறு, பங்கு வேறு

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, 'வின்ஃபாஸ்ட் நம்ம ஊருக்கே வந்திருச்சே சார், பங்கு வாங்கலாமா?'

அது இந்தியச் சந்தையில் இல்லை, அமெரிக்காவின் நாஸ்டாக்கில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று பட்டியலானது. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 28 அன்று, 93 டாலரைத் தொட்டது. காகிதக் கணக்கில் உலகிலேயே டெஸ்லா, டொயோட்டாவுக்கு அடுத்த பெரிய கார் நிறுவனம். ஊடகங்கள் கொண்டாடின. ஆனால் பங்குகளில் 99 விழுக்காடு நிறுவனர் ஃபாம் நியாட் வூங் தரப்பிடம் இருந்தது. சந்தையில் கைமாறியது மிகச் சிறு துணுக்கு. நாலு பேர் போட்டி போட்டால் போதும், விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்த விலையால் மொத்தப் பங்கையும் பெருக்கினால் பிரமாண்டமான எண் வரும். 2024 ஏப்ரலில் அதே பங்கு 3 டாலருக்கும் கீழ். 2023இல் அது கொடுத்த சுமார் 35,000 கார்களில் பெரும்பங்கு, அதே முதலாளியின் டாக்ஸி நிறுவனமான ஜிஎஸ்எம் உள்ளிட்ட தொடர்புடைய தரப்புகளுக்கே போனது. இது ரகசியம் இல்லை. அதன் ஆண்டறிக்கையிலேயே இருந்தது.

தூத்துக்குடி அறிவிப்பைப் பாருங்கள். 2024 ஜனவரி, சென்னை உலக முதலீட்டாளர் மாநாட்டையொட்டிப் புரிந்துணர்வு ஒப்பந்தம். தலைப்புச் செய்தி: 16,000 கோடி ரூபாய். உள்ளே படித்தால், முதல் கட்டமாக ஐந்தாண்டில் 50 கோடி டாலர், அன்றைய மதிப்பில் நாலாயிரம் கோடி ரூபாய்ச் சொச்சம். இரண்டு எண்ணும் ஒரே செய்தியில்தான் இருந்தன. ஒன்று தலைப்பில், இன்னொன்று நாலாவது பத்தியில்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பதினேழு மாதத்தில், ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறனோடு ஆலை எழுந்தது. சொன்ன ஆலை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. அப்படியிருந்தும், ஆலை திறந்த மாதத்தில் அந்தப் பங்கு பழைய உச்சத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஊருக்கு நல்ல செய்தியாக இருப்பது பங்குதாரருக்கும் நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'நம்ம ஊர் கம்பெனி' என்ற பாசத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வராத ஆலைக்கும் செய்தி உண்டு. டெஸ்லா இந்தியாவில் ஆலை வைக்கப்போகிறது என்று எத்தனை ஆண்டாகப் படிக்கிறோம்! 2021இல் பெங்களூருவில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். 2022 ஜனவரியில் மாநில அமைச்சர்கள் போட்டி போட்டு மஸ்க்கைச் சமூக ஊடகத்தில் அழைத்தார்கள். நம் பக்கத்துத் திருச்சுழித் தொகுதிக்காரரான தங்கம் தென்னரசுவும் அன்று தொழில்துறை அமைச்சராகத் தமிழ்நாட்டுக்கு வரச் சொல்லி எழுதினார். 2024 ஏப்ரலில் மஸ்க் வருவதாக இருந்து, வரவில்லை. 2025 ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்தது, இறக்குமதிக் கார்களோடு. ஆலை என்னவோ இன்னும் செய்தியாகவே இருக்கிறது.

உண்மைச் செய்தியும் தவறான நாளும்

பொய்ச் செய்தியால்தான் நஷ்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். உண்மையான செய்தியும் கையைச் சுடும். 2021 அக்டோபர் 12 அன்று டாடா மோட்டார்ஸின் மின்சாரக் கார்ப் பிரிவில் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டிபிஜியின் தரப்பு 7,500 கோடி ரூபாய் போடுவதாக அறிவிப்பு. கையெழுத்தான, நிஜமான ஒப்பந்தம். மறுநாள் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு ஏறி 500 ரூபாயைத் தாண்டியது. அன்று ஆசைப்பட்டு வாங்கியவர் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது விலை 400 ரூபாயைச் சுற்றி இருந்தது. பலர் வெறுத்துப்போய் விற்றார்கள். விற்காமல் இருந்தவர்கள் 2024 ஜூலையில் 1,100 ரூபாய்க்கு மேல் பார்த்தார்கள். செய்தி மாறவில்லை, அது சரியென நிரூபணமாக மூன்றாண்டு ஆனது. அறிவிப்பு வந்த நாளில், அந்த மூன்றாண்டின் சந்தோஷத்தையும் சந்தை ஒரே நாளில் விலையில் ஏற்றிவிடுகிறது. அன்று வாங்குபவர் பண்டிகை விலையில் வாங்குகிறார்.

கெட்ட செய்திக்கும் சொந்தக்காரர் உண்டு

கெட்ட செய்தி என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் இருக்கிறது. அதையும் யார் எழுதியது என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் நிகோலா என்று ஒரு மின்சார லாரி நிறுவனம். 2020 செப்டம்பர் 8 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் அதனோடு கூட்டு அறிவித்தது. பங்கு ஒரே நாளில் 40 விழுக்காடு அளவு ஏறியது. இரண்டு நாள் கழித்து ஹிண்டன்பர்க் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை: லாரி ஓடுவதாகக் காட்டிய வீடியோவில், வண்டி இறக்கத்தில் உருண்டுதான் வந்தது. ஹிண்டன்பர்க்குக்கும் ஆதாயம் இருந்தது. அந்தப் பங்கு விழுந்தால் லாபம் வரும்படி முன்கூட்டியே பந்தயம் கட்டியிருந்தார்கள். அதை அறிக்கையிலேயே சொல்லியும் இருந்தார்கள். எனவே சந்தேகப்படுவது சரி. ஆனால் பந்தயம் கட்டியவர் சொன்னது என்பதாலேயே அது பொய்யாகிவிடவில்லை. 2022இல் நிறுவனர் ட்ரெவர் மில்டனை நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2025 பிப்ரவரியில் நிகோலா திவால் மனு போட்டது. அடுத்த மாதமே மில்டனுக்கு அமெரிக்க அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. நிறுவனருக்குக் கிடைத்த அந்த மன்னிப்பால் பங்குதாரருக்குப் பணம் திரும்பவில்லை.

ஓலாவுக்கும் ஒரு கெட்ட நாள் வந்தது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, சர்வீஸ் சென்டரில் தூசி படிந்து நிற்கும் ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டார். அகர்வால் சூடாகப் பதில் சொன்னார். திங்கட்கிழமை பங்கு 8 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. ஒரு காமெடியன் பங்கைக் கவிழ்த்துவிட்டார் என்று எழுதினார்கள். அப்படியா? தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஓராண்டில் அந்த நிறுவனத்தின் மேல் பத்தாயிரத்துக்கு மேல் புகார்கள் பதிவாகியிருந்தன. அதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தத் திங்கட்கிழமையே நோட்டீஸ் அனுப்பியது. படம் ஒன்றையும் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்தது. ஊடகத்தின் உண்மையான சக்தி அதில் இருக்கிறது. தனித்தனியாகத் தெரிந்த விஷயம் பொதுவில் தெரிந்துவிட்டால், விலை ஒரே நாளில் நகர்கிறது.

பத்திரிகை நண்பர்களுக்கு

இந்த அவையில் பத்திரிகைக்காரர்களும் இருக்கிறீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நிறுவனத்தின் செய்திக்குறிப்பு மாலை ஐந்து மணிக்கு வரும், ஐந்தரைக்குள் போட வேண்டும், சரிபார்க்க ஆள் இல்லை. அதனால் குறிப்பின் முதல் வரியே தலைப்பாகிவிடுகிறது. முதல் வரியை எழுதியவர் நிறுவனத்தின் விளம்பரத் துறைக்காரர்.

விதிகள் வந்திருக்கின்றன. பெரிய 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் முதலும், 250 நிறுவனங்களுக்கு டிசம்பர் முதலும், ஊடகத்தில் வரும் வதந்தியால் விலை குறிப்பிடத்தக்க அளவு நகர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் அது உண்மையா பொய்யா என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். பங்குச்சந்தைப் பாடம் எடுப்பதாகச் சொல்லி யூடியூபில் டிப்ஸ் கொடுப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் ஒரு கடிவாளம்: கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஜென்சோல் போன்ற சிறிய நிறுவனம் முதல் 250க்குள் வராது. நஷ்டம் அதிகம் நடப்பதோ அங்கேதான்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். '30,000 கார் ஆர்டர்' என்று போடும்போது, அது ஒப்பந்தமா, விருப்பமா, முன்பணம் வந்ததா என்று தலைப்பிலேயே ஒரு சொல் சேருங்கள். மறுப்பு வந்தால், முதல் செய்தி வந்த அதே இடத்தில் போடுங்கள். உள்ளூர் நிருபர் ஒருவரால் ஆலை வாசல் வரை போக முடியும். அந்த வசதி மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளருக்கு இல்லை.

கேள்வி கேட்கும் உரிமை

கடைசியாக, நாம் என்ன செய்வது? படிக்க வேண்டிய தாள்களைச் சொல்லிவிட்டேன். கடன் வாங்கிய நிறுவனம் என்றால் தரமதிப்பீட்டு அறிக்கை. வண்டி விற்கும் நிறுவனம் என்றால் வாகன் பதிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பங்குதாரர் பட்டியலில், நிறுவனர் பங்கு குறைகிறதா, அவர் பங்கை அடமானம் வைத்திருக்கிறாரா என்ற இரண்டு வரிகள். ஆண்டறிக்கையில் 'தொடர்புடைய தரப்பு' பரிவர்த்தனைகள்; தன் காரைத் தானே வாங்கிக்கொள்கிறாரா என்பது அங்கே தெரியும். இவை எல்லாம் இலவசம். எல்லாவற்றையும் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, நம்மில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. 2020க்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் காணொளியில் நடத்துகின்றன. முன்பு மும்பைக்கோ பெங்களூருவுக்கோ டிக்கெட் எடுக்க வேண்டும். இன்று ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு, காளவாசலில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி தலைவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். இங்கே இருக்கும் மாணவர்களில் பத்துப் பேர் அடுத்த கூட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். நீளமான கேள்வி வேண்டாம். 'நீங்கள் அறிவித்த முன்பதிவுகளில் எத்தனைக்குப் பணம் வந்திருக்கிறது, எத்தனை கார் கொடுத்து முடித்தீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். எண்ணோடு பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு அதே எண்ணைப் பற்றிக் கேளுங்கள். எண் வராமல், எதிர்காலம் ஒளிமயமானது என்று பதில் வந்தால், அந்தப் பங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.